பவுனம்மாள் எண்ணிய ஒரு சொட்டு

முசிறி நெல் மண்டியில் பதினெட்டு வருஷம் மரக்கால் பிடித்து அளந்தவள் பவுனம்மாள். தோள்வலி வந்து அதை விட்டுவிட்டு, 1931இல் புத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தாள். எண்ணிக்கையில் அவளை அடிக்க ஆளில்லை. வார்டில் எத்தனை மூட்டைப்பூச்சி என்று கேட்டாலும் சொல்வாள்.

அங்கிருந்த டாக்டர் இருதயநாதன் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் பண்ணுகிறவர். ஆபரேஷன் நன்றாகவே முடியும். மறுநாள் எழுந்து உட்கார்ந்தால் நோயாளிக்குத் தலை பிளக்கும். ஊசி குத்திய ஓட்டை வழியாக முதுகுத்தண்டு நீர் கசிவதுதான் காரணம், ஊசி மெலிந்தால் கசிவும் குறையும் என்று அவருக்கு ஓர் எண்ணம். கசாப்புக்கடை ஜெகபர் அலியிடம் ஆட்டுச் சவ்வு வாங்கி, கண்ணாடிக் குழாயின் வாயில் கட்டி, உப்புத் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டார். குத்துவதும் கடிகாரம் பார்ப்பதும் அவர். சொட்டு எண்ணுவது பவுனம்மாள்.

தடித்த ஊசிக்கு ஐந்து நிமிஷத்தில் முப்பத்தொன்று. அவள் மளமளவென்று வாய்க்குள் எண்ணியதில் அந்த முடிவு எண்தான் டாக்டர் காதில் விழுந்தது. அடுத்து மெல்லிய ஊசி. நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "லாபம்!" என்றாள். அதோடு சரி.

"லாபம்தான் பவுனம்மா, பெரிய லாபம்!" என்று டாக்டர் குதித்தார். நோட்டில் பூஜ்யம் என்று எழுதி அடிக்கோடிட்டார்.

அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்து ஸ்கூல் வாத்தியார் ராஜகோபாலனுக்கு அந்த ஊசியில்தான் குடலிறக்க ஆபரேஷன். "ஒரு சொட்டுகூடக் கசியாது. நாளைக்கே உட்காரலாம்" என்றார் டாக்டர். மறுநாள் திருமண் இட்டுக்கொள்ள எழுந்த வாத்தியார், "பெருமாளே!" என்று அலறிச் சாய்ந்தார். படுத்தால் சுகம், எழுந்தால் இடி. படுத்தபடியே இட்டதில் திருமண் காதுப்பக்கம் போய்விட்டது.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "பூஜ்யம்னு எழுதியிருக்கேனே!"

"ஒரு சொட்டு விழுந்துச்சுங்களே. லாபம்னு கத்திச் சொன்னேனே."

"நீ சந்தோஷத்துல கத்தினதா நெனச்சேன்."

"ஒண்ணுன்னு ஆரம்பிச்சா மண்டியில தொரத்திடுவாங்க ஐயா. மொதல் மரக்கால் லாபம், அப்புறம்தான் ரெண்டு."

பூஜ்யம் என்றே கட்டுரை மதராஸ் டாக்டர்கள் சங்கத்துக்குத் தபாலில் போயாகிவிட்டது. "ஒரு சொட்டுதானே, போகட்டும்" என்று டாக்டர் முனகினார்.

"வாத்தியாரும் போகட்டும்பாரா? கேட்டுட்டு வரட்டுங்களா?"

டாக்டர் அவசரமாகத் தந்தியாபீசுக்குப் போனார். 'பூஜ்யம் தவறு, ஒரு சொட்டு உண்டு' என்பதை இரண்டு தரம் வாசித்த குமாஸ்தா, "என்ன சரக்குங்க?" என்று ரகசியமாகக் கேட்டார்.

வாத்தியாரை அசையாமல் படுக்கவைக்கும் பொறுப்பு பவுனம்மாளுக்கு வந்தது. அவர் மனைவி வேதவதி குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் காப்பி புகட்டினாள். அவர் தலையைத் தூக்கினால் வாசலிலிருந்து பவுனம்மாளின் அதட்டல் வரும்.

"ஸ்கூலையே அடக்கினவன் நான்!"

"சரிங்க, இப்ப நீங்க அடங்கிப் படுங்க."

ஏழாம் நாள் வலி போயிற்று. அழைத்துப்போக வந்த வேதவதி டாக்டரிடம் மெல்ல, "இன்னும் ரெண்டு நாள் வெச்சுக்க முடியாதா? ஆத்துல நிம்மதியா இருக்கு" என்றாள்.

திருத்திய கட்டுரை அச்சாகி வந்தது. கடைசியில் நன்றி என்று பவுனம்மாளின் பெயரும் இருந்தது. டாக்டர் விரல் வைத்துக் காட்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பக்கத்தைக் கிழித்துத் தரச் சொல்லி வாங்கிப்போய், அடுப்புப் புகை படாமல் தகரப்பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டிவைத்தாள்.