எடுத்தால் இருக்கிறேன் என்று அர்த்தம்

அன்று காலை நான் லில்லி அக்காவுக்கு எதற்காகப் போன் செய்தேன் என்பது நம் சபையில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். அரியலூர் பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் மொபைலைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கெட்ட பழக்கம் என்னை விடுவதாக இல்லை. எங்கோ யுத்தம், எங்கோ வெள்ளம், நடுவில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் "நாள் நெருங்கிவிட்டது, நீ ஆயத்தமா?" என்று என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.  உடனே அக்காவின் நம்பரை அழுத்தினேன். முழு ரிங்கும் போய் ஓய்ந்தது. திரும்ப அடித்தேன். அவர் மகன் ஜெபராஜ் எடுத்தான்.

"சித்தி, அம்மா போயிட்டாங்க."

"எங்கடா போயிட்டாங்க?" என்று கேட்டேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் கேட்டேன். இயேசுவின் இரண்டாம் வருகை வந்துவிட்டது, அக்கா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார், நானும் ஜெபராஜும் மட்டும் விடப்பட்டோம் என்று அந்த ஒரு நொடியில் நினைத்துவிட்டேன். பிறகு அவன் உடைந்து அழுதான். "விடியக்காலம் நெஞ்ச அடைக்குதுன்னாங்க சித்தி. ஆட்டோ வாசலுக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு." அக்கா எல்லாரையும் போல இறந்துதான் போயிருக்கிறார். பையைத் தோளில் மாட்டியபடியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பஸ் போய்விட்டது.

லில்லி அக்காவை அறியாதவர்கள் இதை வாசிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். ரெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள எங்கள் கிராமங்களுக்கு அவர்தான் நர்சம்மா. துணை சுகாதார நிலையத்தில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகும் எந்த வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரி முகம் சுளித்தாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில் வேதபாடம் நடத்துவார். என்னைவிடச் சில வயது மூத்தவர். நானோ பள்ளிக்கூட ஆபீஸில் சம்பளப் பட்டியல் போடுகிறவள், ஊரில் பேர்போன பயந்தாங்கொள்ளி. கடைசி நாள், வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகம், அதன் முத்திரை என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்காது.

போன் கதை ஒரு செருப்பில் ஆரம்பித்தது. என் மகள் ஷீபா அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு விடுமுறை, வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் பகல் ஷிப்ட். மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தேன். சுண்ணாம்புக்கல் மைன்ஸில் வெடி வைத்தார்கள். தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் கிடுகிடுவென்று ஆடியது. அது தினமும் நடப்பதுதான். ஆனால் எழுந்து வெளியே வந்தால் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எதிர்வீட்டுக் கொடியில் பாதித் துணி காய்கிறது, மீதித் துணி பக்கெட்டில் பிழிந்தபடி கிடக்கிறது, துவைத்தவளைக் காணோம். பாஸ்டர் வீட்டில் பூட்டு. அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஓட்டமும் நடையுமாகச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். கதவு திறந்திருந்தது, உள்ளே ஃபேன் சுற்றியது, படியில் அக்காவின் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. ஆள் இல்லை.

போச்சுடா என்று அந்தப் படியிலேயே உட்கார்ந்து, ரேஷன் கடையில் வரிசையில் புகுந்தது வரைக்கும் என் பாவங்களை எல்லாம் அறிக்கை செய்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. வெறுங்காலோடு, வேர்த்து வடிந்து அக்கா இறங்கினார்.

"என்னடி சுகந்தி, பேயறைஞ்சாப்புல உக்காந்துருக்க?"

விக்கி விக்கிச் சொன்னேன். ரோட்டு வளைவில் கல் லாரி சாய்ந்துவிட்டதாம், தெருவே வேடிக்கை பார்க்க ஓடியிருக்கிறது. பாஸ்டர் குடும்பம் ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறது. அக்காவை ஒருத்திக்குப் பிரசவ வலி என்று அள்ளிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"ஏண்டி, கர்த்தர் என்னைக் கூட்டிட்டுப் போனா செருப்ப ஜோடியா வச்சுட்டு வான்னா சொல்வாரு?" என்று அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவரும் நிறுத்திவிட்டார். "சரி, எல்லாத்துக்கும் என்ன ஏன் தேடுற?"

"நீங்க இருக்கீங்கன்னா வருகை இன்னும் வரலன்னு அர்த்தம்க்கா. உங்கள வுட்டுட்டா போவாரு?"

அக்கா கால் கழுவப் போனார். திரும்பி வந்து, "இனிமே பயம் வந்தா இப்புடி ஓடி வராத. போன் பண்ணு. எடுத்தா இருக்கேன்னு அர்த்தம்" என்றார்.

"எடுக்கலேன்னா?"

"எடுக்கலேன்னா வேலையா இருக்கேன்னு அர்த்தம். நீயும் ஒன் வேலையப் பாரு."

அன்றிலிருந்து என் பேர் திரையில் வந்தால் அவர் ஹலோ சொன்னதில்லை. "இருக்கேன், சொல்லு" என்பார். சமையலறைச் சத்தம், பிள்ளை அழுகிற சத்தம், பஸ் ஹாரன் என்று பின்னால் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஷீபா பிளஸ் டூ முடித்த வருஷம் அரியலூரில் ஒரு கூட்டம் போட்டார்கள். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் மேடை அகலத்துக்கு ஒரு பேனர் கட்டி, கொம்புகளும் தலைகளுமாக மிருகங்களை வரைந்து, கூட்டிக் கழித்து, இன்ன மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார். நான் அப்படியே நம்பிவிட்டேன். காலேஜுக்கு விண்ணப்பம் போட வேண்டாம் என்று ஷீபாவிடம் சொல்லிவிட்டேன். உலகமே இருக்காது, காலேஜ் எதற்கு? பிள்ளை சாப்பிடாமல் சுருண்டு படுத்தது. அவள்தான் அக்காவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். சாயங்காலமே அக்கா வந்து நின்றார்.

"நாங்களும் பிரசவத்துக்குத் தேதி போட்டுத்தான் அட்டை குடுக்குறோம் சுகந்தி. எந்தப் பிள்ளையாவது அட்டையப் பாத்துட்டு வந்துருக்கா? அதுக்காகப் பிள்ளையே வராதுன்னு நான் சொல்லல. வரும். கட்டாயம் வரும். வர்ற வரைக்கும் தாய்க்குச் சத்து மாத்திரை குடுக்கணும், சோறு போடணும்."

நான் விடவில்லை. யுத்தம், பஞ்சம், நிலநடுக்கம் எல்லாம் எழுதியிருக்கிறபடியே நடக்கிறதே என்றேன்.

"நடக்குது. யாரு இல்லேன்னா? அத்தனையும் சொல்லிட்டு இயேசு என்ன சொன்னாரு? பிரசவ வலி ஆரம்பிச்சது மாதிரின்னாரு. சாவு வலின்னு சொல்லல. ரெண்டுலயும் கத்தத்தான் செய்வாங்க. ஆனா ஒண்ணுல பிள்ளை வரும். இதுல சூட்டு வலின்னு வேற ஒண்ணு இருக்கு. வலிக்கிற மாதிரியே இருக்கும், வூட்டையே ரெண்டாக்கும், ஒரு சொம்பு சீரகத்தண்ணி குடிச்சா போயிரும். அந்த பேனர்காரர் குடுத்துட்டுப் போனது சூட்டு வலி."

அடுத்த நாள் ஷீபாவைப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றிக் காலேஜில் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தது அக்காதான். எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. பேனரில் எழுதியிருந்த மாதம் வந்தது, போனது. ஷீபா முதல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

கொரோனா தடுப்பூசி வந்தபோது நம்மில் எத்தனை பேர் ஒளிந்துகொண்டோம் என்பதைச் சபையார் மறந்திருக்க மாட்டீர்கள். ஊசி வழியாக மிருகத்தின் முத்திரையைப் போடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததுதான் காரணம். நானும் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். அக்கா வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து பிடித்துவிட்டார்.

"வேதம் வாசிக்கிறவதானே நீ? முத்திரை எங்க போடுவாங்கன்னு எழுதியிருக்கு?"

"நெத்தியில, வலது கையில."

"நான் இடது கையிலதான் போடுறேன். நீட்டு."

கூடநின்ற ஆஷா சுகாதாரப் பணியாளர் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் புதன்கிழமை கூட்டத்தில் மட்டும் அக்காவின் குரல் கொஞ்சம் ஏறியது. "வெளிப்படுத்தின விசேஷத்த எழுதுனவரு ஒரு தீவுல அடைபட்டுக் கெடந்தாரு. அடி வாங்கிட்டு இருந்த சபைக்கு, பயப்படாதீங்க, கடைசியில ஜெயிக்கிறது ஆட்டுக்குட்டியான இயேசுதான்னு தைரியம் சொல்ல எழுதுனாரு. அதையே எடுத்து நம்மள நாமளே பயமுறுத்திக்கிட்டு, ஊசி போடாம ஒரு உசுரு போனா, வந்து கேக்குறப்ப ஆண்டவருக்கு என்ன பதில் சொல்வீங்க?"  மறுநாள் எங்கள் தெருவில் வரிசை நின்றது.

ஷீபாவுக்குப் பெரம்பலூரிலேயே வரன் அமைந்தது. இந்த வருஷம் அவள் உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி வந்த அன்று நான் சந்தோஷப்பட்டது ஒரு மணிநேரம்தான் இருக்கும். பிறகு அந்த வசனம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த நாட்களில் கர்ப்பவதிகளுக்கும் பால்கொடுக்கிறவர்களுக்கும் ஐயோ என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே. எத்தனை தடவை அதைத் தாண்டி வாசித்திருப்பேன்! இப்போது என் பிள்ளையின் பேரைச் சொன்ன மாதிரி இருந்தது. நாலு நாள் யாரிடமும் சொல்லாமல் புழுங்கிவிட்டு அக்காவிடம் போய் நின்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தார். எனக்குக் கேட்கிற மாதிரி, நிதானமாக.

"எனக்கு இது சாபமா கேக்கல சுகந்தி. எல்லாரும் ஓடுற நேரத்துல ஓட முடியாதவ யாருன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அவளுக்காகத் தவிக்கிறாரு. அடுத்த வரியப் பாரு. மழைக்காலத்துல ஓட வேண்டி வராதபடிக்கு ஜெபம் பண்ணுங்கங்கிறாரு. நிறைமாசக்காரிய மழையில சேத்து ரோட்டுல கூட்டிட்டுப் போயிருக்கியா நீ? நான் போயிருக்கேன். இது அந்த ரோடு தெரிஞ்சவரு பேசுற பேச்சு." புத்தகத்தை மூடிவிட்டு, "கடைசியில என்ன கேக்குறாரு? கூட இருக்கிறவங்களுக்கு வேளைக்குச் சோறு போட்ட வேலைக்காரன் யாருன்னுதான் கேக்குறாரு. தேதி கண்டுபிடிச்சவன் யாருன்னு கேக்கல. ஷீபாவுக்கு முருங்கைக்கீரை குடுத்து வுடு" என்றார். நான் கீரை கொடுத்து அனுப்பினேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பாதி குறைந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் போவதற்குச் சில நாட்கள் முன்பு, ஒரு சாயங்காலம், என் போன் அடித்தது. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். லில்லி அக்கா. அவராக என்னைக் கூப்பிடுவது அபூர்வம்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ இருக்கியான்னு பாத்தேன்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "என்னக்கா, நீங்க போயி..."

"ஏன், நான் மட்டும் இரும்பா? வூட்ல யாருமில்ல. ஒரே அமைதியா இருந்துச்சு. என்னமோ மாதிரி ஆயிடுச்சு." பிறகு அவரே சொன்னார்: "நீ போன் பண்றப்பல்லாம் எனக்கும் நிம்மதிதான்டி. நீயும் இருக்கேன்னு தெரியும்ல."

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. குழம்பு கொதிக்கிறது என்றோ என்னவோ உளறி வைத்துவிட்டேன். இத்தனை வருஷமாக நான் பிடித்துக்கொண்டு நின்ற தூணும் உள்ளுக்குள் ஆடிக்கொண்டுதான் நின்றிருக்கிறது.  பாவம் அக்கா!

அடக்கம் பண்ணிய அன்று கல்லறைத் தோட்டம் கொள்ளாத கூட்டம். இந்துக்கள், முஸ்லிம்கள், நம்மவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவர் கையில் பிறந்த பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பாஸ்டர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசும்போது மைன்ஸில் சங்கு ஊதி வெடி வைத்தார்கள். காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. என் கை தானாகப் போனைத் தேடியது. யாருக்குப் போடுவது? ஊரெல்லாம் சுற்றி நிற்க, எனக்குத் தனியாக விடப்பட்ட மாதிரிதான் இருந்தது.

அதன் பிறகு வந்த நாட்களை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவருடைய நம்பரை அழிக்கவில்லை. பயம் வரும்போது அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. ஷீபா. ஏழாம் மாதம். ஈரக் கையோடு எடுத்தேன்.

"இருக்கேன், சொல்லு."

என் வாயிலிருந்துதான் வந்தது.  "அம்மா, ஒரு வீடியோ பாத்தேம்மா" என்றாள். குரல் உடைந்திருந்தது. "கர்ப்பவதிகளுக்கு ஐயோன்னு வேதத்துலயே இருக்காமே. காலையிலேர்ந்து வயித்த ஒரு மாதிரி புடிக்குது. எனக்குப் பயமா இருக்கும்மா."

எனக்கும் பயம்தான். ஆனாலும் கேட்டேன். வலி எங்கே, விட்டு விட்டு வருகிறதா, பிள்ளை அசைகிறதா என்று அக்கா கேட்கிற வரிசையிலேயே கேட்டேன். அசைவு நன்றாக இருக்கிறது, வலி நின்றுவிட்டது என்றாள். இருந்தாலும் இப்போதே புருஷனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வா என்றேன். பிறகு அந்த அதிகாரத்தை எடுத்து, முதலிலிருந்து, நிதானமாக அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மழைக்காலம், சேற்று ரோடு எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் நடுங்கியது அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"சரிம்மா. ராத்திரி பயம் வந்துச்சுன்னா திரும்பக் கூப்பிடவா?"

"கூப்பிடு. எடுத்தா இருக்கேன்னு அர்த்தம்."

"எடுக்கலேன்னா?"

லில்லி அக்கா எனக்கென்று விட்டுப்போனது என்னவென்று அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது.

"எடுக்கலேன்னா வேலையா இருக்கேன்னு அர்த்தம்டி" என்றேன். "நீயும் ஒன் வேலையப் பாரு."