அவசரக் கையிருப்பு

"ஆசை," என்று சொல்லிவிட்டு ரொட்டிக்கடையின் கண்ணாடியைக் கடந்து போகிறார். உள்ளே தட்டுகளில் ரொட்டி அப்போதுதான் வெந்து வந்திருக்கிறது. வாசனை கொஞ்சதூரம் பின்னாலேயே வருகிறது. முக்குத் திரும்பும்போது இடதுகால் செருப்பின் வார் நழுவுகிறது. நின்று, குனிந்து பார்க்கிறார். "அவசியம். அடுத்த மாசம்." பேருந்துக்கு நிற்பவர்கள் அவர் ஃபோனில் யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஃபோன் சட்டைப்பையில் அணைந்து கிடக்கிறது.

அவருக்குப் பல் செட் செய்யும் வேலை. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்கள் வெள்ளைச் சாந்தில் வார்க்கப்பட்டு அவருடைய மேஜைக்கு வரும். முக்கால்வாசியும் பல்லில்லாத ஈறுகள். அடியில் பென்சிலால் எழுதிய ஓர் எண்ணைத் தவிர அவற்றுக்கு வேறு அடையாளம் இல்லை. மற்றவர்களுக்கு முதுமை எப்போதோ வரப்போகிற ஒன்று. அவருக்கு அது தினமும் காலையில் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கிவிடுகிறது. ஒரு ஈறை எடுத்துத் தூசி ஊதி, "இதுவும் ஒரு காலத்துல எலும்பு கடிச்ச வாய்தான்," என்பார். இளமையிலேயே அவர் பயந்துபோனதற்கு அந்த மேஜையே போதுமான காரணம்.

பட்டறையில் அவர் பெயர் நிதியமைச்சர். வைத்தவர் பக்கத்து மேஜையில் மெழுகு வேலை பார்ப்பவர்.

"என்ன அமைச்சரே, இன்னிக்கு டீக்கு மானியம் உண்டா?"

"டீ ஆசைய்யா."

"தலை வலிக்குதே."

"அப்ப அவசியம். உன் காசுல குடி."

சாப்பாட்டு வேளையில் யாராவது மாட்டினால் கூட்டு வட்டிப் பாடம் நடத்துவார். மிஞ்சிய பற்களைக் கிண்ணத்திலிருந்து எடுத்து மேஜையில் ஒவ்வொன்றாக வைப்பார். "இது நீ போட்டது. இது அதுக்கு வந்த வட்டி. இது அந்த வட்டி போட்ட குட்டி. நீ ஒண்ணும் பண்ண வேணாம். கை வைக்காம இருந்தாப் போதும். வாய் தானா நெறஞ்சுடும்."

"நெறஞ்சு என்ன பண்றது," என்பார் மெழுகுக்காரர், ஊதுகுழாயைக் கீழே வைக்காமலே. "மெல்றதுக்கு ஆள் இருக்கணுமே."

அது காதில் விழாததுபோல் பற்களைத் திரும்பக் கிண்ணத்தில் போடுவார். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டுச் சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் ஒதுக்கிவந்த அதே மெழுகுக்காரர்தான் இன்று சொந்தமாக இரண்டு அறை வீட்டில் இருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்கு இவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். யோசனையில் பிழை இல்லை.

நிதியமைச்சரின் வீட்டுக்குச் சம்பளம் நேரே வந்ததில்லை. வங்கிக்குப் போய், அங்கே விட வேண்டியதை விட்டுவிட்டு, மீதிதான் வாசல்படி ஏறும். விட்டதில் ஒரு பகுதிக்கு 'பெட்டி' என்று பெயர். பெட்டி என்று ஒன்றும் கிடையாது. வங்கியில் ஒரு தனிக்கணக்கு. நாளைக்கே வேலை போனாலும், யாராவது படுத்துக்கொண்டாலும் ஆறு மாதம் கையேந்தாமல் குடும்பம் நடக்க வேண்டும் என்பதற்கான பணம். அதைத் திறக்க ஒரே ஒரு கேள்விதான்: இது அவசரமா, அவசியமா, ஆசையா? அவசரத்துக்கு மட்டும்தான் பெட்டி; அவசியம் அடுத்த சம்பளம்வரை காத்திருக்க வேண்டும்.

மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கேட்டது ஆசை. கூரை ஒழுகியது அவசியம். மழைக்காலம் முழுவதும் கீழே ஒரு வாளி இருந்தது. மனைவியின் தையல் இயந்திரம் உடைந்தபோது நீண்ட விவாதம் நடந்து, அவசியத்தில் சேர்த்தார்கள். மகள் வளர்ந்ததும் அப்பாவைக் கேலி செய்யக் கற்றுக்கொண்டாள். "என் கல்யாணம் எதுலப்பா வரும்?" "அதுக்கு வேற கணக்கு இருக்கு," என்றார் அவர், சிரிக்காமல். இருந்தது. கடன் இல்லாமல் கல்யாணம் முடிந்து அவள் வேறு ஊர் போனாள். பெட்டியில் அப்போதும் யாரும் கை வைக்கவில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரல் சற்றுத் தாழும். மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற குரல் அது.

மனைவிக்குக் கண் கூர்மை. வெள்ளையில் எத்தனை வெள்ளை என்பது அவளுக்குத்தான் தெரியும். பற்களின் நிறம் பார்க்க ஒரு பட்டை உண்டு. பால் வெள்ளையிலிருந்து பழுப்புவரை மாதிரிப் பற்கள் வரிசையாகச் செருகியிருக்கும். மாலையில் அவருடைய கண் களைத்துவிடும். முடித்த பல்லையும் பட்டையையும் வீட்டுக்கு எடுத்து வருவார். அவள் ஜன்னலோரம் கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் பிடித்து, "சாம்பல் தட்டுதுங்க. மனுஷன் சிரிச்சா செத்தவன் மாதிரி இருக்கும்," என்பாள். மறுநாள் அவர் மாற்றிச் செய்வார். டாக்டர்கள் அவரைப் புகழ்ந்ததில் பாதி அவளுக்குச் சேர வேண்டியது.

போன வருஷம் ஒரு மாலை அவள் பல்லைத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னாள்: "இடது கண்ல தெரியலைங்க." சாதாரணமாகத்தான் சொன்னாள். முதலில் ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டியதாம். பிறகு ஒரு திரை, கீழேயிருந்து மெல்ல ஏறியதாம். அன்று அவர் போனஸ் வாங்கி வந்திருந்தார். அதற்காகக் காத்திருந்திருக்கிறாள்.

கண்ணின் உள்ளே ஒரு படலம் கழன்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அறுவை செய்து பார்க்கலாம், ஆனால் மின்னல் தெரிந்த வாரமே வந்திருக்க வேண்டும் என்றார். கணவர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா சொல்லல?"

"இன்னொரு கண்ணு நல்லா இருந்துச்சே. அவசியம்னுதான் நெனச்சேன். அவசரம்னு தோணல."

கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொன்ன முகத்தோடு சொன்னாள். டாக்டருக்கு அது புரியவில்லை. அவருக்குப் புரிந்தது.

பெட்டி முதல்முறையாகத் திறந்தது. அறுவை நடந்தது. அந்தக் கண்ணில் இப்போது ஜன்னல் இருக்கும் திசை மட்டும் தெரிகிறது.

மறுகண்ணுக்கும் இது வரலாம் என்று எச்சரித்து அனுப்பினார்கள். மின்னலோ நிழலோ தெரிந்தால் அன்றைக்கே வர வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அவர் வீட்டுக்கு வந்ததும், "இனிமே அந்தக் கேள்வியே கிடையாது," என்றார். அவள் தலையாட்டினாள். அடுத்த வாரம் தேய்ந்த துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது அவசியம்தானேங்க?" என்று கேட்டாள்.

ஆகவே அவள் சொல்வதை அவர் நம்புவதில்லை. தினமும் கேட்கிறார்: "மின்னல் ஏதாச்சும் தெரியுதா?" "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க." இந்த 'ஒண்ணும் இல்லை'யைப் பல வருஷமாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இனி எப்படி வாங்குவது அவளிடம் உண்மையை? மகளிடம் ஃபோனில் புலம்பினார். "அம்மாகிட்டக் கேக்காதீங்கப்பா. கேட்டா இல்லன்னுதான் சொல்லும். சந்தேகம் வந்தாக் கூட்டிட்டுப் போயிடுங்க," என்றாள் மகள். "பொழுது விடிஞ்சா சந்தேகம்தாம்மா," என்றார்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். மாடிப்படியில் உட்கார்ந்து, பட்டையிலிருந்து மாதிரிப் பற்களைக் கழற்றி, மடியில் போட்டுக் குலுக்கி, தாறுமாறாகத் திரும்பச் செருகுகிறார். கீழ்வீட்டம்மா ஒருநாள் குப்பைக்கூடையோடு வந்தவர், மடி நிறையப் பல்லோடு உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார். பட்டையின் வரிசையை மனைவி மனப்பாடமாக வைத்திருப்பாள். மாற்றிவைத்தால்தான் பார்த்துச் சொல்வாள் என்பது அவர் கணக்கு.

செருப்பின் வார் நழுவிய அன்றும் பட்டையை நீட்டினார். "எது வெள்ளை?"

"நாலாவது."

"அடுத்தது?"

"கடைசிக்கு முன்னது. படியில உக்காந்து மாத்திட்டு வந்தீங்களாக்கும். ஒண்ணு தலைகீழா இருக்கு."

இருந்தது. அவர் பட்டையைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். கழுத்து வலி அப்போதுதான் தெரிந்தது. அவள் அடுப்படிக்குப் போய் இரண்டு டம்ளரில் டீயோடு வந்தாள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, கோழி பார்ப்பதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். தன்னுடையதை மேஜையில் வைத்தாள்.

அது மேஜையில் படவில்லை. விளிம்புக்கு ஒரு விரற்கடை வெளியே, வெறும் காற்றில் வைத்துக் கையை எடுத்தாள். டம்ளர் விழுந்து உருண்டு சுவரோரம் நின்றது. டீ தரையில் அவர் செருப்பு கிடந்த இடம்வரை ஓடியது.

"கை வழுக்கிடுச்சு," என்றாள்.

அவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். அவள் துணி எடுக்கத் திரும்பினாள். திரும்பியவள் கதவுநிலையைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

"நேத்துதான் ஆரம்பிச்சுது. கீழ ஓரத்துல மட்டும் கொஞ்சம் நிழல். நடுவுல நல்லாத் தெரியுது, பல்லெல்லாம் சரியாச் சொன்னேனே. மாசக் கடைசியா இருக்கு, பெட்டியும் இப்பதான் பாதி நெறஞ்சிருக்கு, சம்பளம் வரட்டுமேன்னு..."

கேட்டுக்கொண்டே அவர் எழுந்தார். பாஸ்புத்தகத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். தரையிலிருந்த டீயை மிதித்தபடி வாசலுக்குப் போய், தன்னுடைய வார் நழுவிய செருப்பைத் தள்ளிவிட்டு அவளுடையதை எடுத்துவந்தார்.

"டீயத் தொடச்சிட்டு வரேங்க. இது என்ன அவ்வளவு..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். பிறகு, பழகிய குரலில் கேட்டாள்: "அவசரமாங்க?"

அவர் ஈரத்தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். செருப்பு இரண்டையும் வலது இடது பார்த்து, நுனி வாசலைப் பார்க்க வைத்து, அவளுடைய பாதத்தைக் கையில் எடுத்தார்.