பொட்டு வைத்த நாற்காலி

லோகேஸ்வரி வீட்டிலிருந்தே சம்பாதிக்கிறாள் என்பதை எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. கிள்ளானில் அவள் வீடும் என் வீடும் ஒட்டினாற்போல் இருப்பவை. தமிழ் நாடகங்களுக்கு மலாயில் சப்டைட்டல் எழுதுவது அவள் தொழில். திரையில் கதாநாயகி அழ அழ, காதில் ஹெட்போனுடன் இவள் தட்டிக்கொண்டே இருப்பாள். தெருவில் யாருக்குப் பொட்டலம் வந்தாலும் அவளிடம்தான் கொடுப்பார்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் அழைப்பிதழ் அடிக்கவும் அவளிடமே வருவார்கள். "வீட்டுல சும்மாதானே இருக்கே" என்று ஆரம்பிப்பார்கள். கேட்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் சிரித்து வைப்பாள்.

அவள் கணவர் கமலநாதன் லோரி ஓட்டுகிறார். துறைமுகத்தில் சரக்கேற்றி டெங்கில் பக்கம் இறக்குவார். தங்கமான மனிதர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் கணக்கில் வேலை என்றால் வாசலைத் தாண்ட வேண்டும், சட்டை நனைய வேண்டும்.

அவள் புதிதாக மேசை, கணினி, சக்கரம் வைத்த நாற்காலி எல்லாம் வாங்கிய வருஷம் ஆயுத பூஜைக்கு நானும் போயிருந்தேன். கமலநாதன் லோரிக்குப் பொட்டு வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டினார். கிண்ணத்தில் மிஞ்சிய சந்தனத்தை எடுத்துக்கொண்டு லோகேஸ்வரி உள்ளே ஹாலுக்குப் போனாள். மேசைக்கு, கணினிக்கு, நாற்காலிக்கு, ஹெட்போனுக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்தாள். சாமி படத்தடியில் வைத்திருந்த கடை ரசீதுகளையும் விடவில்லை. கமலநாதன் வாய்விட்டுச் சிரித்தார்.

"லோரி ஓடுது, சம்பாதிக்குது. இது எங்கலா ஓடும்?"

அவள் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். அந்த ஆளை நறுக்கென்று கேட்டிருப்பேன், பூஜை நாளாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன்.

தொழிலுக்காக வாங்கியதை வருமானத்திலிருந்து கழிக்கலாம், மேசை நாற்காலி போன்றவற்றைச் சில வருஷங்களுக்குப் பிரித்துக் கழிக்க வேண்டும் என்று அவள் தானே படித்துத் தெரிந்துகொண்டு வரிக்கணக்கில் போட்டாள். வீட்டிலிருந்தே தொழில் பார்க்கிறவர்கள் எதையும் போடலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, ஹாலில் மாட்டிய ஏர்கோனையும் சேர்த்துவிட்டாள். சில மாதம் கழித்து வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இவையெல்லாம் தொழிலுக்குத்தான் என்பதற்கு ஆதாரத்தோடு வந்து விளக்க வேண்டுமாம்.

கமலநாதன் பயந்துபோனார். அதையெல்லாம் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்கிற வரியைக் கட்டிவிடலாம் என்றார்.

"எடுத்தா, இதெல்லாம் வெறும் வீட்டுச் சாமான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நான் சும்மாதான் இருக்கேன்னு நானே கையெழுத்துப் போடணுமா?" என்றாள் லோகேஸ்வரி. அவள் அப்படிக் குரல் கொடுத்து நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலேயே கண்ணாக இருந்தார்.

அவளை என் காடியில் நான்தான் அழைத்துப் போனேன். அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, சிரித்த முகம். வேலை ஒப்பந்தங்களையெல்லாம் ஒழுங்காகப் பார்த்தார். ரசீதுகளை எடுத்ததும் கை நின்றது. ஒவ்வொன்றிலும் நட்ட நடுவில் சந்தனமும் குங்குமமும். இரண்டில் தேதியே தெரியவில்லை. இந்தச் சிவப்பு என்ன என்று அவர் கேட்டார்.

லோகேஸ்வரி மலாயில் நிதானமாகச் சொன்னாள். சோறு போடுகிற சாமான்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் மரியாதை செய்வோம், எதைக்கொண்டு பிழைக்கிறோமோ அதற்குத்தான் பொட்டு. சொல்லிவிட்டுப் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். அதிகாரி படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேசையில் பொட்டு, நாற்காலியில் பொட்டு. சோபாவில் இல்லை. தொலைக்காட்சியில் இல்லை. அப்புறம் விரல் சுவருக்கு ஏறியது. ஏர்கோனில் ஏன் இல்லை?

பொய் சொல்ல அது நல்ல இடம். சந்தனம் தீர்ந்துவிட்டது என்றால் முடிந்தது. நானே சொல்லியிருப்பேன்.

"அது வீட்டுல எல்லாருக்கும் உள்ளது, புவான். அதைக் கணக்குல போட்டது என் தப்பு. அதை எடுத்துடுங்க" என்றாள் அவள்.

படம் மட்டும் ஆதாரம் ஆகாது என்று அதிகாரி சொன்னார். தேதி மறைந்த ரசீதுகளுக்குக் கடையில் நகல் வாங்கி வரச் சொன்னார். பட்டியலில் ஏர்கோனை அடித்துவிட்டு, நகல் வந்ததும் மற்றவற்றை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். எழுந்தபோது, உங்கள் அலுவலகம் ரொம்ப அழகாக இருக்கிறது என்றார். அலுவலகம் என்றார். காடியில் வரும் வழியெல்லாம் லோகேஸ்வரி அந்த ஒரு சொல்லையே எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கமலநாதனிடமும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டதோடு சரி. இந்த மனிதரைத் திருத்த முடியாது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. லோரிக்குப் பூஜை முடிந்ததும் கமலநாதன் சந்தனக் கிண்ணத்தைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மேசைக்கும் கணினிக்கும் அவரே பொட்டு வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து லீமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சம்பழங்களை எடுத்து, குனிந்து, நாற்காலியின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒன்றாக வைத்தார். லோரிப் பழம் இந்தச் சக்கரத்துக்குப் பெரிசு, அதனால் பாசாரில் சின்னதாகத் தேடி வாங்கினேன் என்று என்னிடம் சொன்னார்.

"ஏறி உக்காரு, லோகேஸ். ஓட்டிப் பாப்போம்."

அவள் உட்கார்ந்தாள். அவர் பின்னாலிருந்து தள்ளினார். பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கி ஹால் முழுக்க மணத்தது. லோகேஸ்வரி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், என் கண்ணும் கலங்கியது. அவர் துணி எடுத்து வந்து, அவள் காலைத் தூக்கச் சொல்லிவிட்டுத் தரையைத் துடைத்தார்.