உழவுக்கு என்று சொல்லாதவர்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாவதோடு நின்றவள் எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும்.

அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் நிலத்தில் குட்டை மாடுகள் வளர்க்கிறோம். இடுப்பு உயரம்தான் இருக்கும். வயலுக்கு வயல் மாற்றி மேய்த்து, ராத்திரி அங்கேயே அடைப்போம். சாணம் விழுந்து விழுந்து மண் தேறிவிட்டது. ஆனாலும் இருக்கிற புல்லுக்குத் தக்கபடிதான் மாடு வைத்திருக்க முடியும். அதனால் காளைகளை விற்றுவிடுவோம். வாங்க வருகிறவர்களிடம், "உழவுக்குத்தானே?" என்று கேட்பேன். "ஆமாம்மா" என்பார்கள். இடுப்பு உயர மாட்டை யார் ஏரில் பூட்டுவார்கள்? தெரிந்தும் தலையாட்டுவேன்.

ஒரு வருஷம் கோவளத்திலிருந்து ஒரு பாய் புதிதாக வந்தார். அவரிடமும் கேட்டேன்.

"இல்லம்மா, கறிக்கு."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "இன்னா பாய், பொழைக்கத் தெரியாத ஆளா கீறியே!"

"ஆசையா வளத்துகீறாங்க அண்ணாத்த. பொய் சொல்லி ஓட்டிகினு போனா நல்லாயில்ல. மனசு ஒத்துக்கினா குடுங்கம்மா, இல்லாங்காட்டி வேணாம்."

காளை என் முந்தானையை நக்கிக்கொண்டிருந்தது. அதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டேன். "ரொம்ப நேரம் துடிக்குமா?"

"நானேதான் அறுப்பேன். மத்த மாட்டுக்கு முன்னால நிறுத்தமாட்டேன். பயப்பட வுடமாட்டேன்."

நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். அந்தப் பொய்யை இத்தனை வருஷமும் நானே வியாபாரிகளின் வாயில் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று அன்று புரிந்தது.

மறுநாள் காலை பாய் வந்தார். வழக்கப்படி பழைய கயிற்றை நாங்கள் வைத்துக்கொண்டோம். அவர் கொண்டுவந்த புதுக் கயிற்றை நானே கட்டி, காளையைக் கொடுத்தேன்.