டிம்ப்னா கில்ஹூலியின் கைகள்

அயர்லாந்தின் லீட்ரிம் பக்கத்தில் கால்பந்து என்றால் பந்தைக் கையால் பிடிக்கிற ஆட்டம். காலால் மட்டும் ஆடுவதற்கு சாக்கர் என்று பேர். அந்தப் பேரைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள், லண்டனுக்குப் போன பக்கத்து வீட்டுப் பையன் இப்போது யாரோடு குடியிருக்கிறான் என்று சொல்வதுபோல. டிம்ப்னா கில்ஹூலிக்கு இரண்டு ஆட்டமும் வந்தது. வம்பு அதில்தான் ஆரம்பம்.

டிம்ப்னா என்பது நரம்புத் தளர்ச்சிக்காரர்களைக் காக்கிற புனிதையின் பேர். ஞானஸ்நானத்தன்று அது வெறும் பேராக இருந்தது. இருபத்தைந்து வயதில் அவளுக்கு அந்தப் புனிதையிடம் தினமும் வேலை இருந்தது.

காலையில் பச்சை வேனில் தபால் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் லீட்ரிம் பெண்கள் அணியில் கோல்கீப்பருக்கு முன்னால் தடுப்பாட்டக்காரியாக நிற்பாள். உயரப் பந்துக்கு ஆறு பேர் குதித்தாலும் அது வந்து இறங்குவது அவள் கையில்தான். இருபது வயதில் டப்ளினிலிருந்து சாக்கருக்குக் கூப்பிட்டார்கள்; அங்கேயும் தடுப்பாட்டம்தான். ஐந்து வருடத்தில் அயர்லாந்துக்காக இருபத்திரண்டு ஆட்டம் ஆடிவிட்டாள். சம்பளம் கிடையாது. வருடாந்திர விடுப்பு முழுக்க அதற்கே போனது. கடற்கரைப் பக்கம் போய் நாளாகிவிட்டது.

ஏப்ரலில் அது நடந்தது. டப்ளினில் போலந்தோடு ஆட்டம். ஆளுக்கொரு கோல், இன்னும் இரண்டு நிமிடம். அவள் அப்பா பாக்கி அன்றுதான் முதல்முறையாக ஒரு சாக்கர் மைதானத்துக்குள் காலெடுத்து வைத்திருந்தார். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு கோலுக்குப் பின்னால் நின்றார். மழைக்குள்ளிருந்து ஒரு பந்து சுழன்று சுழன்று இறங்கியது. பாக்கி எந்த மைதானத்தில் நிற்கிறோம் என்பதை மறந்தார்.

“டிம்ப்னா, உன்னோடது.”

லீட்ரிமில் அந்த வார்த்தையைக் கேட்டால் கை தானாக மேலே போகும். போனது. பந்தை அருமையாகப் பிடித்து, நெஞ்சோடு அணைத்து, திரும்பி, யாருக்கு உதைக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இரண்டு எட்டும் வைத்துவிட்டாள். அப்புறம்தான் தோழிகளின் முகத்தைப் பார்த்தாள். நடுவர் விசில் ஊதக்கூட ஒரு கணம் யோசித்தார். பெனால்டி. தோல்வி.

மறுநாள் தபால் பாதையில் ஒருவரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. லீட்ரிம் பெண்கள் அணியின் செயலாளர் பிரைடி மக்வினி, கோழித்தீவனம் அப்பிய கையோடு கேட்டுக்கு வந்தாள்.

“தோத்தது கிடக்கட்டும்டி. என்னமா பிடிச்ச. பேப்பர்ல போட்டோ பாத்தியா? வெட்டி ஜன்னல்ல ஒட்டிட்டேன்.”

“அத எடுத்துடு பிரைடி.”

“ஏன் எடுக்கணும்? இந்த வருஷத்துல அந்த மாதிரி ஒரு பிடி நம்ம ஆளுங்க யாரும் பிடிக்கல.”

அயர்லாந்து அணியின் பயிற்சியாளர் டெஸ்மண்ட் டப்ளின்காரர். அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை.

“அந்த ஞாயித்துக்கிழமை ஆட்டத்தையே விட்டுடும்மா.”

“பாக்கறேன்.”

லீட்ரிமில் பாக்கறேன் என்றால் முடியாது என்று அர்த்தம். டெஸ்மண்ட் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

“செப்டம்பர்ல ஐஸ்லாந்து. உன்னை இறக்கறேன். ஆனா இன்னொரு தடவை கை மேல போச்சுன்னா, டிம்ப்னா, நான் வேற ஆளப் பாத்துக்கணும்.”

அந்தக் கோடை முழுக்க அவள் தன் கைகளைச் சந்தேகத்தோடு பார்த்தாள். சர்ச்சுப் பூசையில் பக்கத்து ஆளுக்குச் சமாதானம் சொல்லக் கை நீட்டும்போதே திடுக்கென்றது. வேனின் ஸ்டியரிங்கை அவள் பிடித்த பிடியில் விரல் மூட்டுகள் வெளுத்தன. சாயங்காலங்களில் அப்பாவை மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஏற்றிவிட்டு, தபால் கோட்டுப் பையில் இரண்டு கையையும் திணித்துக்கொண்டு கீழே நிற்பாள். பாக்கி மேலேயிருந்து பந்தை எறிவார். அவள் தலையால் முட்டுவாள்.

“கெடாக்கன்னு மாதிரி முட்டறதுக்கா உன்ன வளத்தேன்?”

“எறிங்கப்பா.”

“பாக்கவே சகிக்கல.”

“அப்ப கண்ண மூடிட்டு எறிங்க.”

ஆகஸ்டில் ஒருநாள் பிரைடி கேட்டுக்கு மேலாக ஒரு முட்டைக்கோசை அவளிடம் தூக்கிப் போட்டாள். அது டிம்ப்னாவின் தோளில் பட்டுத் தரையில் உருண்டது. கைகள் அசையவே இல்லை.

“உடம்புக்கு ஏதாவதா?” என்றாள் பிரைடி.

“நல்லாத்தான் இருக்கேன்.” மனசில் இருந்தது சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐஸ்லாந்து ஆட்டம் ஒரு புதன்கிழமை. ஊரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆள் கிளம்பியது. வழியில் பாக்கி எழுந்து நின்றார்.

“உள்ள போனா யாரும் வாயத் தொறக்கக் கூடாது. முக்கியமா அந்த வார்த்தை வரவே கூடாது. நானும்தான்.”

“அப்ப எதுக்கு பாக்கி எங்களக் கூட்டிட்டுப் போற?” என்றது பின்சீட்டு.

“ஜெபமாலை வச்சிருக்க இல்ல? அத உருட்டு.”

டிம்ப்னாவின் கால்கள் நன்றாகவே ஆடின. கார்னர் வரும்போது மட்டும் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். முதல் கார்னர் நேராக கோல்கீப்பரிடம் போனது. இரண்டாவதை வேறொருத்தி உதைத்து விரட்டினாள். அயர்லாந்து ஒரு கோல் முன்னால் இருந்தது. முடிய ஒரு நிமிடம் இருக்கையில் அவள் பயந்த பந்து வந்தது. உயரமாக, சோம்பலாக, லீட்ரிமிலிருந்தே கிளம்பி வந்ததுபோல. பஸ்ஸில் வந்த நாற்பத்து மூன்று பேரும் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதிக்குள் டிம்ப்னாவுக்கு ‘உன்னோடது’ என்று தெளிவாகக் கேட்டது.

கால்சட்டையின் இரண்டு ஓரத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு குதித்தாள். தலையில் பட்ட பந்து எல்லைக்கு வெளியே போனது. அயர்லாந்து ஜெயித்தது. கால்சட்டை ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

“அடுத்த மாசம் வெளிநாடு போறோம்,” என்றார் டெஸ்மண்ட். “லீவு சொல்லி வச்சுடு.”

ஏப்ரலுக்குப் பிறகு அவள் நிம்மதியாக மூச்சு விட்டது அப்போதுதான். அந்த நிம்மதி நான்கு நாள் தாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை லீட்ரிமுக்கு அரையிறுதி. ஒரு புள்ளி முன்னால், இன்னும் இரண்டு நிமிடம். அதே மாதிரிப் பந்து. இங்கே வாயைக் கட்ட வேண்டிய அவசியம் இல்லாததால் பாக்கி புதன்கிழமைக்கும் சேர்த்தே கத்தினார்: “டிம்ப்னா, உன்னோடது.”

டிம்ப்னாவின் கைகள் கால்சட்டையைப் பிடித்தன. தலையால் முட்டினாள். சட்டப்படி அதில் தப்பில்லை. யாரும் செய்வதில்லை, அவ்வளவுதான். பந்து எதிரணிக்காரியின் காலடியில் விழுந்தது. அவள் நம்ப முடியாமல் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு கோலுக்குள் அடித்தாள். கோல் என்றால் மூன்று புள்ளி; லீட்ரிம் தோற்றது.

திரும்பும்போது அப்பாதான் காரை ஓட்டினார்.

“கை வலிக்குதா?” என்றார் பாக்கி.

“இல்ல.”

“அப்புறம்?”

“வரலப்பா. தூக்கணும்னுதான் நெனச்சேன். வரல.”

முன்னால் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. தாண்ட இடமிருந்தும் அவர் தாண்டவில்லை.

“டெஸ்மண்டுக்குத் தெரியுமா, நீ நம்ம ஆட்டத்த விட்டுட்டது?”

“நான் எங்கப்பா விட்டேன்?”

“விட்டாச்சும்மா. உனக்குத்தான் இன்னும் தகவல் வந்து சேரல.”

அன்றே கடிதம் எழுதினாள். நாலு வரி, அணியிலிருந்து விலகுவதாக. முகவரி: செயலாளர், லீட்ரிம் பெண்கள் அணி. தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது, அந்த வீடு அவள் பாதையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை தபால் கட்டைப் பிரித்தபோது அவள் கையெழுத்தே அவளைப் பார்த்தது. அதைக் கடைசியில் வைத்துக் கட்டினாள். இருந்தாலும் பிரைடி வீடு தன் வரிசையில்தானே வரும்.

பிரைடி கேட்டிலேயே நின்றிருந்தாள். ஜன்னலில் போட்டோ அப்படியே இருந்தது.

“என்னடி, கரண்ட் பில்லா?”

“இல்ல.”

“யார்கிட்டேருந்து?”

டிம்ப்னா கடிதத்தை நீட்டினாள். பிரைடி வாங்கிக்கொண்டாள். ஆனால் கடிதத்தின் மறுமுனை டிம்ப்னாவின் விரல்களுக்குள்ளேயே இருந்தது.

“விடு,” என்றாள் பிரைடி.

விட்டாள்.