சரிவுக்குக் கீழே நாற்காலிகள்

மகள் அனுப்பியிருந்த வீடியோ முழுக்க வெள்ளை. வெள்ளையின் குறுக்கே ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், காலில் நீள நீளமான சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு, கதவு திறக்காத கல்யாண மண்டபத்தின் முன்னால் நிற்பதைப் போல் தவித்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் யாருமே இல்லாத மலைச்சரிவு. கயிற்றோரம் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் கையில் நீளக் கம்பியோடு நின்றிருந்தார். யாரிடமும் கோபமில்லாத, யாருக்கும் வளைந்து கொடுக்காத ஒரு நிற்பு. அந்த நிற்பை எனக்குத் தெரியும்.

வீடியோவுக்குப் பின்னாலேயே மகளின் அழைப்பு வந்தது. வேலைக்காகப் போன குளிர்நாட்டில், ஆபீஸ் சிநேகிதர்களோடு பனிச்சறுக்குக்கு வந்திருக்கிறாள்.

"எவ்வளவு தூரம் கார் ஓட்டிட்டு வந்தோம் தெரியுமா? சீசன் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குது. அந்த ஆளு காலைல மேல போயி கம்பிய உட்டுக் குத்திப் பாத்துட்டு, இன்னைக்கு யாரும் போகக்கூடாதுங்கறான். பழைய பனி கல்லாட்டம் கெடக்குதாம், நேத்துப் பேஞ்சது அது மேல ஒட்டலையாம். யாராச்சும் மிதிச்சா மொத்தமா வழுக்கிட்டு வந்துருமாம்."

"நீங்க உளுந்துருவீங்கன்னு பயப்படறாராக்கும்."

"எங்களுக்காக இல்லியாம்மா. கீழ நிக்கறவங்களுக்காகவாம்."

அவள் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போய்விட்டாள். இங்கே அடுப்பில் குக்கர் கத்திக் கத்தி ஓய்ந்தது. நான் எழவில்லை. என் எதிரில் மாமா உட்கார்ந்திருந்தார். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நான் பொள்ளாச்சியில் பாவாடை சட்டையோடு திரிந்த காலத்தில் அவர் பட்டாளத்தில் இருந்தார், காஷ்மீரத்துப் பனிமலைகளில். எங்கள் வீட்டு ரேடியோவுக்கு மேலே அவருடைய ஒரு போட்டோ மாட்டியிருந்தது. பனிச்சரிவில், இரண்டு பலகைகளின் மேல், முட்டி மடக்கி, காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்குகிறார். கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி. முகத்தில் பாதிக்கு மேல் தெரியாது. வெயிலில் கொப்பரை காயும் ஊரில் அந்தப் போட்டோ ஒரு ஜன்னல். நான் அதன் அருகே போய் மோந்து பார்த்திருக்கிறேன், குளிர் வாசம் வருமா என்று.

அப்பாவுக்கு அது ஜன்னல் அல்ல, கடை. அவர் கொப்பரைத் தரகர், வாயால் பிழைக்கிறவர். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அந்தப் போட்டோ, அப்புறம்தான் தண்ணீர். "என்ர மச்சானுங்க. அந்த மலையில இவன உட்டா சறுக்கறதுக்கு ஆளில்லீங்க," என்பார். மலையில் வேறு ஆள் உண்டா என்று அப்பாவுக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. ஆகவே அது உண்மையாகவே இருந்தது.

லீவில் வந்தால் மாமா அந்தப் போட்டோவின் பக்கம் பார்க்கவே மாட்டார். ஒருமுறை நான் கேட்டேன், இதை யார் எடுத்தது என்று.

"என் கூட்டாளி, அம்மணி. கீழ நின்னு எடுத்தான்," என்றார். சொல்லிவிட்டு, கிணற்றடிக்குப் போய் ஏற்கெனவே கழுவிய காலை மறுபடி கழுவினார்.

ஒரு கோடை லீவில் அவருக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீடு ஆனைமலைப் பக்கம், ஒரு தென்னந்தோப்புக்குள். தோப்பின் பின்னால் அவர்களுக்குச் சொந்தமாக நார் மில். தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் தூளை அப்போதெல்லாம் யாரும் சீந்த மாட்டார்கள். மில்லுக்குப் பின்னால் கொட்டிக் கொட்டி, அது ஒரு மலையாக நிற்கும். காப்பிப்பொடி நிறத்தில், தென்னையின் பாதி உயரத்துக்கு ஒரு மலை. அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு யோசனை வந்துவிட்டது. யோசனை வந்தால் அப்பா அதை ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் சம்பந்தப்பட்டவரிடம் சொல்வார். மாப்பிள்ளை தூள்மலையில் சறுக்கிக் காட்டப்போகிறார் என்று பெண் வீடு முழுக்கத் தெரிந்த பிறகு மாமாவுக்குத் தெரிந்தது.

ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் இரண்டு பலகைகள் செய்தாயிற்று. முனையை வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் வேகவைத்து, மேல்நோக்கி வளைத்திருந்தார்கள். வழுக்குவதற்காக அடியில் தேங்காயெண்ணெய் தடவியது அப்பாவின் கைவேலை. விடிந்ததும் எறும்பு மொய்த்தது. பெண் பார்க்கப் போன அம்பாசிடரின் தலையில் அந்தப் பலகைகளையும் கட்டினார்கள். வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது ஒருவர் வந்து, "ஏனுங்க, பொண்ணு பாக்கறதுக்கு முன்னாலயே கட்டில் கொண்டுட்டுப் போறீங்களாட்ட இருக்குது?" என்றார். அப்பாவே அதிகமாகச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். பிறகு காருக்குள், "நான் ஒருக்கா அதப் பாத்துட்டுத்தான் சொல்லுவேனுங்க மாமா," என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி யாருக்கோ கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

பெண்ணைப் பார்த்தோம். ஒப்புட்டு என்கிற போளியைத் தின்றோம். பெண் தலை நிமிர்ந்து மாமாவை ஒருமுறை பார்த்தாள், அவர் போட்டோவாக இல்லாமல் ஆளாக இருக்கிறாரா என்று சோதிப்பது போல. அவர்களுக்குள் பேச்சு ஏதும் இல்லை. அந்தக் காலத்தில் அதற்கு இடமும் இல்லை.

பிறகு எல்லோரும் மில்லுக்குப் பின்னால் போனோம். அங்கே நாற்காலி போட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் நான் இத்தனை வருஷம் கழித்து வந்து நிற்கிறேன். எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதையைப் பற்றி ஊருக்கே தெரியும். வந்தவரை வெயிலில் உட்கார வைக்க மாட்டார்கள். சித்திரை வெயிலில் அந்தப் பொட்டலில் நிழல் இருந்தது ஒரே ஒரு இடத்தில், தூள்மலையின் கிழக்கு அடிவாரத்தில். எனவே இரும்பு நாற்காலிகளை எல்லாம் அங்கேயே, மலையின் காலை ஒட்டி, வரிசையாக விரித்திருந்தார்கள். முன்வரிசையில் பெரியவர்கள், கையில் இளநீர். பின்னால் பெண்கள். நான் முண்டியடித்து முன்வரிசை ஓரத்தில் இடம் பிடித்தேன். பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டுமே.

மாமா பின்பக்கமாக ஏறி உச்சிக்குப் போனார். பலகையை உடனே மாட்டவில்லை. தேங்காய் பறிக்கும் தொரட்டியை வாங்கிக்கொண்டு போயிருந்தார். அதை அங்கங்கே குத்தி இறக்கினார். மண்வெட்டியால் ஒரு குழி வெட்டினார். குழிக்குள் கையை விட்டு, மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவரைப் போல் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு தடவினார். கீழே சிரிப்புக் கிளம்பியது.

"மாப்பிள்ளை கெணறு வெட்டறாருங்களா?" என்றார் பெண்ணின் பெரியப்பா. மீசைக்காரர். அந்த வீட்டில் அவர் சொல்தான் சொல்.

மாமா சரிவை மிதிக்காமல், ஓரமாகப் பாதித் தூரம் இறங்கி வந்து நின்றார். "பழைய தூளு காஞ்சு கெட்டிப்பட்டுப் போச்சுங்க. புதுசாக் கொட்டுனது அது மேல சும்மா உக்காந்திருக்குது. நான் வந்தா அதும் கூட வந்துருமுங்க. நீங்கெல்லாம் சித்த அக்கட்டால, களத்துப் பக்கம் தள்ளி உக்காந்துக்கறீங்களா?"

களம் என்றால் நார் காயப்போடும் திறந்த வெளி. அங்கே வெயில் தீயாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க மாப்பிள்ளை, எங்கள வெயில்ல காயப்போடறீங்களா? நாங்க என்னங்க, கொப்பரையா?" என்றார் பெரியப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். மரியாதையான சிரிப்பு. அப்பா எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "மச்சான், பெரியவங்கள எந்திரிக்கச் சொல்றதா? தூளுடா அது. வெரசா வா," என்றார்.

"போட்டோவுல இருக்கற கண்ணாடி போட்டாத்தான் சறுக்க வருமாட்ட இருக்குதுங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மாமா மறுபடி கேட்டார், இன்னும் பணிவாக. நாங்கள் கோபத்தில் கூட 'ங்க' போடுகிறவர்கள். கெஞ்சலுக்கும் ஆணைக்கும் எங்கள் பேச்சில் ஒரே உடுப்பு. அவர் 'எந்திரிச்சு ஓடுங்கடா' என்று கத்தியிருந்தால் ஒருவேளை ஓடியிருப்பார்கள். மாப்பிள்ளையாக வந்தவர் எப்படிக் கத்துவார்?

அப்போது பெண் எழுந்தாள். எல்லோரும் திரும்பினார்கள். அவளுடைய அம்மா, "அம்மணி, எங்க போறே? உக்காரு," என்று முந்தானையைப் பிடித்தார்.

"இந்தப் புள்ளைக்கு ஒன்னுக்கு வருதாமாங்கம்மா," என்றாள் அவள். என்னைத்தான் சொன்னாள். முன்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, நாற்காலியிலிருந்து இழுத்தாள்.

எனக்கு வரவே இல்லை. அத்தனை பேர் முன்னால் அப்படி ஒரு அபாண்டம். "எனக்கு ஒன்னும் வல்ல!" என்று கத்தினேன். பெரியவர்கள் அதற்கும் சிரித்தார்கள். அவள் விடவில்லை. கண்ணாடி வளையல் என் கையில் பதிய, தரதரவென்று களத்துக்கு நடத்திப் போனாள். வீட்டுப் பக்கம் போகவில்லை. மாமா சுட்டிக்காட்டிய இடத்தில், நட்ட நடு வெயிலில், பட்டுச்சேலையோடு நின்றுகொண்டாள். நின்று, மேலே பார்த்தாள். மாமா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு நிழலில் இருந்த நாற்காலிகளைப் பார்த்தார். அதிலிருந்து ஒருவர்கூட அசையவில்லை.

மாமா உச்சிக்குத் திரும்பிப் போய் பலகைகளை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே இறங்கி வந்தார். பெரியப்பாவின் முன்னால் நின்று, "பழக்கம் உட்டுப்போச்சுங்க. என்னால ஆகாதுங்க. மன்னிச்சுக்குங்க," என்றார்.

அவ்வளவுதான். யாரும் அவரை ஏசவில்லை. இன்னொரு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.

அந்தத் தூள்மலை சரியவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. சரிந்திருந்தால் மாமாவின் கதை வேறு. மழைகள் பெய்து அது இறுகி, பிற்காலத்தில் அந்தத் தூளுக்கே மவுசு வந்து, கட்டி கட்டியாக அமுக்கிக் கப்பலேற்றிவிட்டார்கள். நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. தடுத்தவருக்கு மிஞ்சுவது பயந்தாங்கொள்ளி என்ற பெயர்தான். சில நாளில் பெண் வீட்டிலிருந்து ஜாதகம் சரிவரவில்லை என்று பதமாகச் சொல்லி அனுப்பினார்கள். கண்ணாடி போட்டுவிட்டால் போட்டோவில் யாராக இருந்தாலும் ஒன்றுதானே என்று பெரியப்பா பேசியதும் சுற்றி வளைத்து எங்கள் காதுக்கு வந்தது. அப்பா போட்டோவைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தார். பலகைகள் சமையலறையில் குடம் வைக்கும் தட்டாயின. அந்தப் பெண்ணை உடுமலைப் பக்கம் கட்டிக்கொடுத்ததாகக் கேள்வி.

மாமா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பட்டாளத்திலிருந்து வந்து கோயம்புத்தூரில் ஒரு மருந்துக் கிடங்கில் காவலுக்கு இருந்தார். விசேஷங்களுக்கு வந்தால் போட்டோவில் நிற்க மாட்டார். சமையல்கட்டுப் பக்கம் நின்று, கொதிக்கும் கொப்பரைக்கு அருகில் ஓடும் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி இந்தப் பக்கம் விடுவார். அவர் சறுக்கி நான் பார்த்ததே இல்லை. கீழே நின்று போட்டோ எடுத்த அந்தக் கூட்டாளி என்ன ஆனார் என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை. இனிக் கேட்க ஆளும் இல்லை. மகளின் வீடியோவில் அந்தச் சிவப்புச் சட்டைக்காரர் கயிற்றோரம் நிற்கிறார், கூட்டம் முணுமுணுக்கிறது, ஆனால் யாரும் கயிற்றைத் தாண்டவில்லை. அங்கே ஒரு கயிறு இருக்கிறது. மாமாவிடம் கயிறு இல்லை, 'ங்க' மட்டும் இருந்தது.

அன்று காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். தலைக்கு மேலே பலகைகள் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தன. அம்மா ஒரே ஒருமுறை, "ஒருக்கா எறங்கிக் காட்டியிருந்தா என்ன தம்பி?" என்றார். "முடியலக்கா," என்றார் மாமா. நான் அவர் மடியில் இருந்தேன். எனக்கு என் கோபம்.

வேட்டைக்காரன்புதூர் தாண்டும்போது குனிந்து என் காதில் கேட்டார்: "நீ ஏன் அம்மணி களத்துப் பக்கம் போனே? நெசமாலுமே ஒன்னுக்கு வந்துச்சா?"

"வல்லவே இல்ல! அவுங்கதான் பொய் சொல்லி இழுத்துட்டுப் போனாங்க."

"அவுங்களாவா?"

"ஆமா. போயி அங்கயே நின்னுக்கிட்டாங்க. வெயிலு."

என்னை மடியில் இன்னும் மேலே ஏற்றி உட்கார வைத்தார். பிறகு, "கெட்டியாப் புடிச்சிருந்தாங்களா?" என்றார்.

"வலிச்சுது," என்று கையைக் காட்டினேன். மணிக்கட்டில் வளையல் பதிந்த சிவப்பு வளைவு இன்னும் மறையவில்லை. மாமா அதைப் பார்த்தார். அன்று முழுக்க இல்லாத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்து போனது. அந்தத் தடத்தின் மேல் கட்டைவிரலை வைத்து, பொள்ளாச்சி வரும் வரை எடுக்கவே இல்லை.

எனக்கு வலிக்கிறதே என்று தடவிக்கொடுக்கிறார் என நினைத்து, நான் தூங்கிப்போனேன்.