வலது கை நடுங்குகிறது

நார்வெல் டிபெட்ஸின் காதில் விழும்படி பொம்மை என்று சொல்லிவிட்டு யாரும் தப்பித்ததில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். பெலிகன் துறைமுகம் என்ற அந்தப் படகுச் சவாரியில் மொத்தம் அறுபத்தோரு இயந்திர உருவங்கள். மீன் விற்பவர்கள், மாலுமிகள், சண்டை போடும் கிழவர்கள், கரையில் பெஞ்சில் உட்கார்ந்து வலை பின்னும் பெண் ஒருத்தி. மற்றவர்களுக்கு அவை ரப்பர் தோலும் காற்றுக் குழாயும். நார்வெலுக்கு மட்டும் அவர்கள் “நம்ம ஆளுங்க.”

ஹெய்ன்ஸ் சிட்டியில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தவரின் மகன் அவர். எண்பத்தொன்பதில் கிறிஸ்துமஸ் சமயத்தில் விழுந்த உறைபனியில் மரங்கள் மொத்தமும் பட்டுப்போயின. பதினெட்டு வயதில் இந்தக் கேளிக்கைப் பூங்காவுக்கு வந்து, படகில் ஆள் ஏற்றும் வேலையில் சேர்ந்தார். ஒரு கோடைகாலத்துக்கு என்று வந்தவருக்கு முப்பத்துநான்கு வருடம் ஓடிவிட்டது. நடுவில் இரண்டு கல்யாணம். முதல் மனைவி ஜார்ஜியாவுக்குப் போய்விட்டார். இரண்டாமவர் எங்கும் போகவில்லை, இவரைப் போகச் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் சொன்ன குறை ஒன்றுதான். எதிரில் இருக்கிற மனுஷியை இவர் பார்ப்பதே இல்லையாம். நார்வெல் இதைச் சொல்லிச் சிரிப்பார். பார்ப்பதற்குத்தானே தனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பார்.

அது பொய்யில்லை. சவாரியை ஓட்டும் அறைக்குக் கோபுரம் என்று பெயர். உண்மையில் அது தரைமட்டத்தில், ஒரு ஜன்னல்கூட இல்லாத அறை. பத்துத் திரைகள். உள்ளே இருட்டில் மிதந்து போகும் படகுகளையும் கரையில் இருக்கும் உருவங்களையும் கேமராக்கள் சாம்பல் நிறத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஓர் உருவத்தின் இமை அரை நொடி தாமதமாக மூடினாலும் நார்வெல் கண்டுபிடித்து, பழுதுச் சீட்டு எழுதி, பழுது பார்ப்பவர்களுக்கு அனுப்பிவிடுவார். அந்தக் கண்ணுக்காகத்தான் அவரை மற்றவர்களைப் போல முக்கால் மணிக்கொரு தரம் இடம் மாற்றாமல் அங்கேயே விட்டு வைத்திருந்தார்கள்.

சுற்றுவட்டாரப் பூங்காக்களில் எல்லாம் திரை வந்து பல வருடம் ஆகிவிட்டது. வண்டியில் உட்கார வைத்து, கண்ணாடி மாட்டி, நாலு பக்கமும் படம் ஓட்டி, முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து அனுப்பிவிடுகிறார்கள். நார்வெல் ஒரே ஒரு முறை அப்படி ஒன்றில் ஏறி, இறங்கியதும் வாந்தி எடுத்தார். திரையின் குற்றம் என்று ஊரெல்லாம் சொன்னார். ஏறுவதற்கு முன் அடித்து நொறுக்கிய முழுநீளச் சிக்கன் சாண்ட்விச்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. “நெஜமா எதிர்ல இருக்கறதும் படமும் ஒண்ணா? மனுஷக் கண்ணு ஏமாறவே ஏமாறாது” என்பதுதான் அவருடைய வாதம். தின்பண்ட இடைவேளையில் ஆரம்பித்தால் மணி அடிக்கும்வரை நிறுத்தமாட்டார்.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பெலிகன் துறைமுகத்தின் உருவங்களைக் கழற்றிவிட்டுத் திரை வைப்பதா, அப்படியே விடுவதா என்று அன்றைக்கே முடிவு செய்யப்போகிறார்கள். மேலாளர் கிரெய்க் லாண்ட்ரம் நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி. தான் பேசினால் எடுபடாது என்று தெரிந்து, மூன்று மணிக் கூட்டத்தில் நார்வெலைப் பேசச் சொல்லியிருந்தார். நார்வெல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

காலையில் வந்த மூவரும் கரையில் இறங்கி உருவங்களைத் தொட்டுப் பார்த்தார்கள். கரை நெடுக விரிப்பின் கீழே மிதி பலகைகள் உண்டு. படகிலிருந்து யாராவது இறங்கிக் கால் வைத்தால் கோபுரத்தில் மணி அலறும், எல்லாம் நின்றுவிடும். விருந்தாளிகளுக்காக அந்தக் காட்சியின் பலகைகளை மட்டும் சாவி போட்டு அணைத்தார்கள். அவர்கள் வெளியே வந்ததும் பழுது பார்க்கும் ஒடாலிஸ் ஃபெலிசியானோ சாவியைத் திருப்பிவிடவா என்று கேட்டாள். சாப்பிட்டுவிட்டு மறுபடி வருவார்கள், இருக்கட்டும், தான் கண்ணால் பார்த்துக்கொள்வதாக நார்வெல் சொன்னார். பதினைந்து வருடம் அவரோடு வேலை பார்த்தவள் என்பதால் அவளும் விட்டுவிட்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு, ஏறும் இடத்தில் சக்கர நாற்காலிக்காரர் ஒருவரை ஏற்ற நேரமானது. பின்னால் வந்த படகுகள் ஒன்றோடொன்று முட்டி வரிசையாக நின்றன. இது தினமும் நடப்பதுதான். நார்வெல் மைக்கை எடுத்து, தன் கனத்த குரலில், யாரும் எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தபடியே இருங்கள், நாங்கள் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி சொன்னார். மூன்றாம் முறை சொன்னபோது படகுகள் நகர ஆரம்பித்திருந்தன.

ஐந்து நிமிடம் கழித்து ஆறாம் திரையில் அவர் கண் நின்றது. வலை பின்னும் பெண்ணின் பெஞ்சில் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள். தோளில் சால்வை, மடியில் கை, நேரான முதுகு. விருந்தாளிகள் பார்ப்பதற்காகக் காலையில் கூடுதலாக ஓர் உருவத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். தன்னிடம் சொல்லாமல் வைத்துவிட்டார்களே என்று கிரெய்க் மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நல்ல வேலைப்பாடுதான் என்று ஒத்துக்கொண்டார். கை மட்டும் சரியில்லை. கூட்டம் இருக்கிற நாளில் இது என்ன மானக்கேடு என்று உடனே சீட்டு எழுதினார்: கரைக் காட்சி, பெஞ்சில் இருப்பது, வலது கை நடுங்குகிறது, காற்றுக் குழாயைப் பார்க்கவும்.

அந்தப் பெஞ்சிலிருந்து இரண்டே அடி தள்ளி, பீப்பாய்கள் தொங்கும் ஒரு பாரந்தூக்கி ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை கரையைக் குறுக்காகக் கடக்கும். ஆள் உயரத்துக்கு வரும் அந்த மரப் பீப்பாய் ஒவ்வொன்றும் நாற்பது கிலோ.

ஒரு மணியைத் தாண்டியதும் வெளியே கடைப்பக்கத்திலிருந்து வாக்கிடாக்கியில் செய்தி வந்தது. ஒஹையோவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் எழுபத்தெட்டு வயது அம்மாவைக் காணவில்லை, பெயர் இமோஜீன் ஷெல்டன், மறதி நோய் உண்டு. மகள் காரலீயும் பிள்ளைகளும் படகின் முன்வரிசையில் இருந்திருக்கிறார்கள், அம்மா கடைசி வரிசையில். மகள் சவாரி முழுவதையும் போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தவள், இறங்கும்போதுதான் திரும்பிப் பார்த்திருக்கிறாள். கழிப்பறை, கடை எல்லாம் தேடிவிட்டார்களாம். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னார்கள்.

நார்வெல் பார்த்தார். அவசரப்படாமல், ஒன்றிலிருந்து பத்துவரை, ஒவ்வொரு திரையாகப் பார்த்தார். ஆறாவதையும் பார்த்தார்.

“உள்ள ஒருத்தரும் இல்ல. நம்ம ஆளுங்க மட்டும்தான்” என்று பதில் சொன்னார்.

நாலு நிமிடம் கழித்து ஒடாலிஸின் குரல் வந்தது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கரைக்குப் பின்பக்கக் கதவு வழியாக உள்ளே போயிருந்தாள். வழக்கமாக அவள் பேச்சில் ஒரு கிண்டல் இருக்கும், அது இப்போது இல்லை.

“நார்வெல், எல்லாத்தையும் நிறுத்து. இப்பவே நிறுத்து.”

“ஏன், குழாய் வெடிச்சிருச்சா?”

“பெஞ்சுல இருக்கறது மனுஷி. படகு எப்ப வரும்னு என்கிட்ட கேக்குறாங்க.”

அவர் கை தானாகச் சிவப்புப் பொத்தானை அடித்தது. பத்துத் திரைகளிலும் அறுபத்தோரு பேரும் அசைவின்றி நின்றார்கள். ஆறாவதில் ஒருத்தி மட்டும் மெல்லத் திரும்பிக் கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். நார்வெல் நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். அவளுக்கு இரண்டடி தள்ளிப் பீப்பாய் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு முறை எழுந்திருந்தால், இரண்டடி நடந்திருந்தால், அதையும் இவர் இதே திரையில் பார்த்திருப்பார். அதற்கும் ஒரு சீட்டு எழுதியிருப்பாரோ என்னவோ.

அந்த அம்மா கரையில் இருந்தது இருபத்திரண்டு நிமிடம். பதிவை ஓட்டிப் பார்த்தபோது அது தெரிந்தது. படகு நின்றபோது இமோஜீன், ஊர் வந்துவிட்டது என்று நினைத்தவர்போல் நிதானமாகக் கரையில் கால் வைத்து இறங்கி, வலை பின்னும் பெண்ணின் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். அதற்குள் கோபுரத்துக்கு வந்து நின்ற ஒடாலிஸ், கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

“சீட்ட நான் முடிச்சிட்டேன். கோளாறு எதுவும் இல்லன்னு போட்டாச்சு. அதப் படிச்சது நான் மட்டும்தான். நீ வாயத் தொறக்காத, சாவி விஷயமும் வேணாம். மூணு மணிக்குப் போய் நீ பேசற பேச்சப் பேசு.”

இறங்கும் இடத்துப் பக்கத்து முதலுதவி அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். இமோஜீன் ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். கிரெய்க்குக்கு இருந்த பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. எங்கள் ஆள் கேமராவில் பார்த்த நொடியே உள்ளே ஆள் அனுப்பிவிட்டார், இத்தனை உருவங்களுக்கு நடுவே ஒரு மனுஷியைக் கண்டுபிடிக்கும் கண் வேறு யாருக்கும் இல்லை என்று அளந்துகொண்டிருந்தார். ஒடாலிஸ் உள்ளே போனதைத்தான் அவர் பார்த்திருந்தார், எதற்குப் போனாள் என்று அவருக்குத் தெரியாது. தலைமை அலுவலகத்து மூவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்த பெண்மணி, இந்த இடத்தை இவர் இவ்வளவு தெரிந்து வைத்திருப்பது பெரிய விஷயம், இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நார்வெலுக்கு அது காதில் விழுந்தது. முப்பத்துநான்கு வருடமாக அவர் கேட்க ஏங்கிய வார்த்தை, வரக்கூடாத நேரத்தில் வந்தது.

காரலீ எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. “நீங்க மட்டும் பாக்கலன்னா எங்கம்மா என்ன ஆயிருப்பாங்கன்னு நெனைக்கவே முடியலைங்க” என்றாள். நார்வெல் இரண்டு கைகளையும் தொங்கப் போட்டபடி நின்றார். பேசாமலே இருந்துவிட்டால் அறுபத்தோரு பேரும் பிழைத்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. அப்படியே இருந்துவிடத்தான் நினைத்தார், அதை மறைப்பானேன்.

அவர் இருமினார், அல்லது ஏதோ முணுமுணுத்தார். அந்தக் குரலைக் கேட்டு இமோஜீன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நீதானா தம்பி அது? எந்திரிக்காதீங்க, பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்னு சொன்னது?”

“நாந்தாம்மா.”

“எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. பக்கத்துல இருந்த பொம்பளைகிட்டப் பேசிப் பாத்தேன், அவ மூஞ்சியத் திருப்பவே இல்ல. அப்புறம் நீ பாத்துக்கிட்டு இருக்கேன்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. அதான் அசையாம உக்காந்திருந்தேன்.” அவர் சிரித்தார். “நல்லாத்தான உக்காந்திருந்தேன்?”

கோபுரத்தில் பொத்தானை அடித்தபோதுகூட நார்வெல் இப்படி ஆடிப்போகவில்லை. ஒடாலிஸ் வேண்டாம் என்று தலையை ஆட்டியதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, காரலீயின் பக்கம் திரும்பினார்.

“நான் உங்கம்மாவப் பாக்கல” என்றார். “அதாவது, பாத்தேன். கால் மணி நேரத்துக்கு மேல பாத்தேன். பொம்மைன்னு நெனச்சேன். கரையில கால் வெச்சா மணி அடிக்கும், அதையும் நாந்தான் அணைச்சே வெக்கச் சொன்னேன். இவங்களக் காணோம்னு நீங்க தேடறப்பக்கூட உள்ள யாரும் இல்லன்னு நாந்தான் சொன்னேன். வலது கை நடுங்குது, ரிப்பேர் பண்ணணும்னு சீட்டு எழுதி அனுப்புனேன். ஒடாலிஸ் அதுக்குத்தான் உள்ள போனா.”

கிரெய்க் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூத்த பெண்மணி கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

காரலீ அவரைத் திட்டவில்லை. திட்டுவாள், போனைத் தூக்கி எறிவாள், வழக்குப் போடுவேன் என்பாள் என்று அவர் எல்லாவற்றுக்கும் தயாராக நின்றார். அவள் அவர் தோளிலிருந்து கையை எடுத்தாள். போய் அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மடியில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்த அந்த வலது கையை எடுத்துச் சால்வைக்குள் வைத்து, நார்வெலின் பார்வை படாதபடி மூடினாள்.